மூலமும் உரையும்: நிரல் நூலகங்களில் விளக்கவுரை வளர்ந்த வரலாறு

மூலத்தை ஓர் ஏட்டிலும் உரையைப் பிறிதோர் ஏட்டிலும் வைத்துக்கொண்டு பயில்வோர்க்கு நேரும் சிரமத்தை நம் இலக்கிய மாணாக்கர் நன்கறிவர். மூலபாடம் திருத்தம் பெற்று, உரை மட்டும் பழைய பாடத்தையே பற்றி நிற்குமாயின், அச்சிரமம் பெருங்குழப்பமாகவே முடியும். கணினி நிரல் நூலகங்களின் சரித்திரத்திலும் இவ்விடைவெளியே தலையாய பிரச்சினையாக இருந்து வந்திருக்கிறது என்பதும், அதனைக் குறைக்க அரை நூற்றாண்டாக நடந்த முயற்சிகளின் விளைவே இன்றைய திறந்த மூல நூலகங்களின் விளக்கவுரை முறை என்பதும் எனது துணிபு.

1971 நவம்பர் 3ஆம் தேதியிட்டு, பெல் ஆய்வுக்கூடத்தைச் சார்ந்த கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிட்சியும் வெளியிட்ட யூனிக்ஸ் இயக்குதளக் கையேடு, ஒவ்வொரு கட்டளைக்கும் பெயர், பிரயோக வடிவம், விளக்கம் என வகுத்துரைத்ததோடு, 'பிழைகள்' என்றொரு தலைப்பையும் ஏற்படுத்தி வைத்தது. ஆக்கியோரே தம் படைப்பின் குறைகளை அச்சில் ஒப்புக்கொள்ளும் அந்தச் சம்பிரதாயத்தை நான் மிகவும் போற்றுகிறேன். ஆயினும் கையேடு வேறு, நிரல் வேறு என்ற நிலையே அங்கு இருந்தது.

இரண்டையும் அருகருகே வைத்தவர் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக ஆசிரியர் ஜான் லயன்ஸ். யூனிக்ஸ் 6ஆம் பதிப்பின் உட்கருவாகிய, 10,000 வரிகளுக்குட்பட்ட மூலநிரலுக்குத் தம் மாணவர்பொருட்டு 1976இல் அவர் வகுத்த வியாக்கியானம், மூலத்தை வரியெண் சுட்டி விளக்கும் முறையில் அமைந்தது. அம்மூலத்தில், ஒரு செயலிலிருந்து மற்றொரு செயலுக்குக் கணினி மாறும் நுட்பமான இடத்தில், படிப்போர் இதனைப் புரிந்துகொள்வர் என எதிர்பார்க்கவில்லை என்று பொருள்படும் குறிப்பொன்று உண்டு. அவ்விடம் அந்நாளில் தங்களுக்கே சரிவர விளங்கியிருக்கவில்லை என்று ரிட்சி பின்னாளில் எழுதியிருக்கிறார். உரையாசிரியனின் தேவை எங்கே பிறக்கிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. ஆனால் 1979இல் வந்த 7ஆம் பதிப்பின் உரிம விதிகள் மூலநிரலை வகுப்பறையில் பாடமாக வைப்பதைத் தடுத்துவிட்டமையால், லயன்ஸின் உரை நகல் மேல் நகலாகக் கைமாறியே உயிர் வாழ்ந்து, 1996இல்தான் முறைப்படி நூலாகப் பிரசுரமாயிற்று. மூலம் பூட்டப்பட்டால் உரையும் உடன் பூட்டப்படும் என்ற இவ்வுண்மையே, திறந்த மூல இயக்கத்தின் அவசியத்தை எனக்கு உணர்த்துகின்றது.

கணினியறிஞர் டொனால்டு நூத் 1984இல் முன்வைத்த சித்தாந்தம் இன்னும் தீவிரமானது: மனிதர் படிப்பதற்கான கட்டுரையாகவே நிரலை எழுதி, கணினிக்கு வேண்டிய பகுதியை அதிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும் என்றார் அவர். தமது டெக் என்னும் அச்சுக்கோப்பு நிரலையும் அவ்வாறே எழுதி, 1986இல் நூலாகவும் வெளியிட்டார். பின்பற்றியோர் சிலரே.

பெருவழக்காக நிலைத்தது எளியதொரு முறை. லிஸ்ப் மொழி மரபில் தோன்றி, 1991இல் வெளியான பைத்தான் மொழியில் நன்கு வேரூன்றிய அம்முறைப்படி, ஒவ்வொரு செயற்கூற்றின் தொடக்கத்திலும், மேற்கோள் குறிகளுக்குள், அது செய்யும் காரியம் சில வரிகளில் எழுதப்படும். 'டாக்ஸ்ட்ரிங்' எனப்படும் அவ்வுரை, நிரல் செல்லுமிடமெல்லாம் உடன் செல்வதுடன், கேட்ட மாத்திரத்தில் திரையிலும் தோன்றும். 2001இல் பைத்தானோடு சேர்ந்த டிம் பீட்டர்ஸின் 'டாக்டெஸ்ட்' மேலும் ஒருபடி சென்று, உரையிலுள்ள உதாரணத்தைக் கணினியே இயக்கி, வந்த விடையை எழுதியிருந்த விடையோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு, வேறுபாட்டை அறிவித்தது.

இவ்வளவு கருவிகள் இருந்தும் எழுதுவோர் இல்லையெனில் பயனென்ன என்பதை, பைத்தானில் எண்கணக்கீட்டுக்கு உதவும் நம்பை (NumPy) நூலகத்தின் கதை காட்டுகிறது. 2006இல் 1.0 பதிப்பை அடைந்த அந்நூலகத்துக்கு விரிவான விளக்கம், அதனை ஆக்கிய டிராவிஸ் ஆலிஃபன்ட் விலைக்கு விற்ற நூலிலேயே கிடைத்தது. 2007இல் அதனைக் கொண்டு பாடம் நடத்தப் புகுந்த வானியல் பேராசிரியர் ஜோசஃப் ஹாரிங்டன், உரையின்மையால் தம் மாணவர் படும் பாட்டைக் கண்டு, மறு ஆண்டில் ஒரு கூட்டு முயற்சியைத் தொடங்கிவைத்தார். தன்னார்வலர் எவரும் ஒரு பொதுத் தளத்தில் செயற்கூற்றின் உரையைத் திருத்தலாம்; சரிபார்க்கப்பட்ட திருத்தம் மூலநிரலுக்குள்ளேயே சென்று சேரும். உள்ளீடுகள், விளைவு, குறிப்புகள், உதாரணங்கள் என வகுக்கப்பட்ட அவ்வுரையமைப்பில், யூனிக்ஸ் கையேட்டுக்குரிய 'இதனையும் காண்க' என்ற தலைப்பும் இடம்பெற்றிருப்பதைக் காணும்போது, மரபு எவ்வளவு அமைதியாகத் தொடர்கிறது என வியக்கிறோம். அவ்வாண்டிலேயே ஆலிஃபன்டின் நூலும் பொதுவுடைமையாயிற்று.

2018 ஜனவரியில் நம்பை 1.14 வெளியானபோது, தசம எண்களை அச்சிடுகையில் கழித்தல் குறிக்கென முன்னே விடப்பட்டிருந்த வெற்றிடம், குறி வேண்டாத இடங்களில் நீக்கப்பட்டது. கணக்கில் பிழையில்லை, விடையும் மாறவில்லை. எனினும் சார்ந்திருந்த நூலகங்களின் உதாரணங்கள் அந்த ஓர் இடைவெளியால் பொருந்தாமற் போகவே, 1.13 பதிப்பின் அச்சுமுறைக்குத் திரும்ப வழிசெய்யும் ஏற்பாடொன்றையும் நம்பையே உடன் அளிக்க நேர்ந்தது. 2024 ஜூனில் 2.0 வந்தபோது, 3.0 என்று மட்டும் தோன்றிவந்த தனி எண், தன் இனப்பெயரையும் சேர்த்துக் கூறத் தொடங்கிற்று. உதாரணங்கள் மீண்டும் திருத்தம் வேண்டி நின்றன. கணினி ஒப்பிட்டது அவ்வுதாரணங்களை மட்டுமே. அவற்றின் மேல், அச்செயற்கூறு எதற்காக, எப்போது என்று உரைக்கும் வாக்கியங்களை யாரேனும் ஒருவர் உட்கார்ந்து படித்துத்தான் சரிபார்க்க வேண்டியிருந்தது.