வங்க அரங்கின் தந்தை கிரீஷ் சந்திர கோஷ்

1897ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் கொழும்பில் வந்திறங்கிய சுவாமி விவேகானந்தர், 19ஆம் நாள் புகையிரதமேறி நமது கண்டி மாநகருக்கு எழுந்தருளினார். இங்கே வரவேற்புப் பத்திரம் பெற்று, மாத்தளை வழியாக அனுராதபுரமும் யாழ்ப்பாணமும் சென்றார். இதனை நம் பெரியோர் பெருமையோடு எடுத்துச் சொல்வர். அதே ஆண்டு மே மாதம் 1ஆம் நாள், கல்கத்தாவின் பாக்பஜார்ப் பகுதியில் பலராம் போஸ் அவர்களின் இல்லத்தில் சுவாமிகள் இராமகிருஷ்ண மிஷனைத் தொடக்கி வைத்தபோது, துறவிகளோடு இல்லறத்தார் பலரும் கூடியிருந்தனர். அவருள் ஒருவர் அரிதாரம் பூசிப் பிழைப்பவர். சுவாமிகளுக்கு ஏறத்தாழ இருபது வயது மூத்தவர். சுவாமிகள் அவரை உரிமையோடு "ஜி.சி." என்றே அழைப்பார். அவரே கிரீஷ் சந்திர கோஷ்.

"கூத்தாடி" என்னுஞ் சொல் நம்மிடையே இன்றும் வசை நீங்கிய சொல்லன்று. நவராத்திரிக்கு ஒரு நாடகம் போடுவோமென்று இளைஞர் எழுந்தால், "படிப்பைக் கெடுக்கவோ?" என்று வீட்டிலே கேள்வி பிறக்கிறது. ஆதலின் இப்பெரியாரின் சரிதத்தை இம்மலரிலே எழுதத் துணிந்தோம். அவர் அப்பழுக்கற்றவர் என்று காட்டுதல் நம் நோக்கமன்று. காட்டவும் இயலாது.

1844ஆம் ஆண்டு பெப்ரவரி 28ஆம் நாள் பாக்பஜாரிலே பிறந்த கிரீஷ், இளமையிலேயே பெற்றோரை இழந்தார். பிரவேசப் பரீட்சையில் தோல்வியுற்றுப் பள்ளியை விட்டார். மாமனாரின் உதவியால் ஆங்கிலக் கம்பெனி ஒன்றிலே கணக்கெழுதும் வேலை கிடைத்தது. பகலிலே பேரேடு, இரவிலே நூல்களும், மதுவும், நண்பர் குழாமும். பள்ளி தராத கல்வியைத் தாமே தேடிக்கொண்டார்.

அக்காலத்துக் கல்கத்தாவில் நாடகமென்பது சீமான்களின் மாளிகைக்குள் நடைபெறும் கேளிக்கை. அழைப்பு உள்ளவர்க்கே அனுமதி. பாக்பஜார் இளைஞர்கள் தாமே ஒரு குழு அமைத்து, 1869இல் தீனபந்து மித்திரரின் 'சதவார் ஏகாதசி' என்ற நாடகத்தை நடித்தனர். அதிலே நிம்சந்த் என்னும் பாத்திரம் ஏற்ற கிரீஷின் புகழ் ஊரெங்கும் பரவிற்று. நிம்சந்த் ஆங்கிலங் கற்ற குடிகாரன். தள்ளாடும்போதும் ஆங்கிலக் கவிகளின் அடிகள் அவன் நாவில் வந்து விழும். பாதிரிமார் பாடசாலையிற் பயின்ற நமக்கு அப்பாத்திரம் முற்றும் அந்நியமானதன்று.

அந்த இளைஞர்களே 1872 டிசம்பர் 7ஆம் நாள் 'நாஷனல் தியேட்டர்' என்ற பெயரில் ரிக்கற் விற்று 'நீல் தர்ப்பண்' நாடகத்தை மேடையேற்றினர். காசு கொடுத்தவன் எவனும் உள்ளே அமரலாம் என்ற நிலை வங்காளியின் அரங்கிலே அன்றுதான் பிறந்தது. ஆனால் கிரீஷ் அன்று மேடையில் இல்லை! இத்துணை எளிய திரைச்சீலைகளையும் சாமான்களையும் வைத்துக்கொண்டு 'தேசிய' அரங்கு என்று பெயரிடுதல் நகைப்புக்கிடம் என்று பிணங்கி விலகி நின்றார், கேலிப்பாட்டும் கட்டினார். சில மாதங்களிற் பிணக்குத் தீர்ந்து, 'கிருஷ்ணகுமாரி' நாடகத்தில் பீம்சிங்காகத் தோன்றினார்.

1880இல் பிரதாப் சந்த் ஜஹுரி என்ற மார்வாடி வணிகர் நாஷனல் தியேட்டரை வாங்கி, கிரீஷைச் சம்பளத்துக்கு நிர்வாகியாக அழைத்தார். கம்பெனியில் அவர் பெற்றது மாதம் 150 ரூபா. அரங்கு தர முன்வந்தது 100 ரூபா. அவர் கம்பெனியை விட்டார். குடும்பஸ்தர் ஒருவர் உத்தியோகத்தைத் துறந்து கூத்துக்குப் போவதென்றால், அன்றைய பாக்பஜார் என்ன பேசியிருக்கும் என்பதை நம் வீட்டுத் திண்ணைகளை அறிந்தவர் எளிதில் ஊகிப்பர்.

அரங்கு இருந்தது, நடிக்க நாடகம் இல்லை. எனவே தாமே எழுதலானார். அவர் நடந்துகொண்டே சொல்லச் சொல்ல மற்றொருவர் எழுதுவார். எண்பது வரையிலான நாடகங்கள் இவ்வாறு பிறந்தன. நடிகனின் மூச்சுக்கு ஏற்ப அடிகளை நீட்டியும் முறித்தும் அவர் அமைத்த செய்யுள்நடைக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. எழுதியவரே பயிற்றுவித்தார், தலைமைப் பாத்திரமும் தாங்கினார். இக்காலத்தார் இயக்குநர் என்று சொல்லும் தொழிலை, அப்பெயர் வழங்காத காலத்திலேயே செய்தவர் அவர்.

அவர் பயிற்றியோருள் தலைசிறந்தவர் விநோதினி தாசி. நம் மலைநாட்டுத் தோட்டங்களில் ஆடப்படும் காமன் கூத்திலே இரதி வேடம் புனைபவர் ஆடவரே. சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் நிறுவிய சுகுண விலாச சபையிலும் பெண் வேடம் ஆடவர்க்கே உரியது. கல்கத்தாவிலோ 1873இல் பெங்கால் தியேட்டர் பெண்களையே மேடையேற்றியது. குடும்பப் பெண்கள் வரமாட்டார்களாகையால், வந்தவர்கள் விலைமகளிர் தெருவிற் பிறந்தவர்கள். விநோதினியும் அத்தகையவரே, 1863இற் பிறந்து, பதினோரு வயதளவில் மேடைக்கு வந்தவர். அவருக்குக் கிரீஷ் வசனத்தை மட்டும் கற்பிக்கவில்லை; ஆங்கில நாட்டு நடிகையர் சரிதங்களையும், கவிகளின் உள்ளத்தையும் எடுத்துரைத்தார். ஊர் தள்ளிவைத்த பெண்ணைக் கலைஞராக எண்ணிப் பேசிய முதல் மனிதர் அவராகவே இருந்திருக்கக்கூடும்.

ஆயினும் அவர் சரிதத்தின் கறை படிந்த பக்கமும் இங்கேதான் உள்ளது. 1883இல் குழுவினர் ஜஹுரியோடு முரண்பட்டுப் புதிய அரங்கு வேண்டி நின்றனர். குர்முக் ராய் என்ற செல்வ இளைஞர் பணம் தர இசைந்தார். விநோதினி தமக்கு உரியவராதல் வேண்டும் என்பது நிபந்தனை. அரங்கை மறந்துவிட்டால் 50,000 ரூபா தருவதாகவும் அவர் விநோதினியிடம் கூறினார். விநோதினி அப்பணத்தை மறுத்து, அரங்கையே கேட்டார். தோழர்கள் மன்றாடியதால் தம்மையே விலையாக வைத்தார். புதிய அரங்கு அவர் பெயர் தாங்கும் என்றும் சொல்லப்பட்டது. பதிவு செய்து திரும்பியபோது வைத்திருந்த பெயர் 'ஸ்டார் தியேட்டர்'. விலைமகளின் பெயர் பூண்ட அரங்குக்கு ஊரார் வருவரோ என்ற அச்சமே காரணம் என்பர். இருக்கலாம். ஆனால் அவ்வச்சம் அவர் தந்ததை வாங்கியபோது எங்கே போயிருந்தது? குழுவின் தலைவராயிருந்த கிரீஷுக்கு இதிற் பொறுப்பில்லை என்று கூற நம்மால் இயலவில்லை.

1883 ஜூலை 21ஆம் நாள் ஸ்டார், 'தக்ஷ யஜ்ஞம்' நாடகத்தோடு திறந்தது. கந்தபுராணத்துத் தக்க காண்டத்தைப் புராணபடனத்திற் கேட்டு வளர்ந்த நம்மவர்க்குக் கதை சொல்லவேண்டியதில்லை. தக்கனாகக் கிரீஷ், சதியாக விநோதினி.

மறுவருடம் 'சைதன்ய லீலை'. 1884 செப்டெம்பர் 21ஆம் நாள் தக்ஷிணேசுவரத்திலிருந்து ஸ்ரீராமகிருஷ்ண பரமஹம்சர் அந்நாடகத்தைக் காண வந்தார். சைதன்யராக நடித்தவர் விநோதினி. பரமஹம்சர் பாவ பரவசமாகி, நாடகம் முடிந்தபின் அவரை ஆசீர்வதித்தார். நல்லோர் நிழல்படவும் அஞ்சிய பெண்ணின் தலையிலே அந்தக் கை தங்கிற்று. கிரீஷோ குடிவெறியில் அப்பெரியாரை வைததும் உண்டு. பின் அழுது அடிபணிந்ததும் உண்டு. ஜபமும் நியமமும் தம்மால் ஆகா என்று கைவிரித்தவரிடம், எல்லாப் பொறுப்பையும் தம்மீது விட்டுவிடுமாறு பரமஹம்சர் பணித்தார். நாடகத்தை விட்டுவிடட்டுமா என்று கிரீஷ் கேட்டபோது, வேண்டா, அதனால் மக்களுக்கு நன்மையுண்டு என்று தடுத்துவிட்டார். வீட்டுப் பெரியோர் இவ்விடத்தைச் சற்று நின்று வாசிக்குமாறு வேண்டுகிறோம்.

1887இல் ஸ்டார் கட்டடம் கோபால் லால் சீல் என்ற தனவந்தர் கைக்கு மாறி, 'எமரல்ட் தியேட்டர்' ஆயிற்று. கிரீஷ் வராமல் அரங்கு நடவாதென்று அறிந்த சீல், 20,000 ரூபா முன்பணமும் மாதம் 350 ரூபாவும் கொடுத்து அவரை அமர்த்தினார். அம்முன்பணத்தில் 16,000 ரூபாவைக் கிரீஷ் பழைய தோழர்க்கே கொடுத்துவிட்டார். அத்தொகையின் துணையாலேயே ஹாத்திபாகானில் 1888இல் புதிய ஸ்டார் எழுந்தது. மறுவருடம் அம்மேடையில், கூட்டுக் குடும்பமொன்று குடியாலும் வஞ்சத்தாலும் சிதைவதைக் காட்டும் 'பிரபுல்ல' என்ற அவரது சமூக நாடகம் அரங்கேறிற்று.

1893இல் மினர்வா தியேட்டரை 'மக்பெத்' நாடகத்தைத் தாமே வங்கமொழியாக்கித் திறந்துவைத்தார். அறிஞர் புகழ்ந்தனர், பொதுசனம் வரவில்லை. சிறிது காலத்தில் 'அபு ஹொசேன்' என்ற ஆடல்பாடல் நாடகத்தை எழுதினார், கொட்டகை நிரம்பிற்று. பரிசளிப்பு விழாவில் ஷேக்ஸ்பியரை ஆங்கிலத்திலேயே நடித்து, பெற்றோரின் கைதட்டலை இரசனையென்று எண்ணும் நம் மாணவர்க்கு இதிற் சிந்திக்க உண்டு. தமிழிலே அம்முயற்சிக்கு வழிகாட்டியது, பின்னாளில் அதே இராமகிருஷ்ண சங்கத்தைச் சேர்ந்த நம் விபுலாநந்த அடிகள் 1926இல் வெளியிட்ட 'மதங்க சூளாமணி'.

1905இல் வங்கம் இரண்டாகப் பிரிக்கப்பட்டபோது கிரீஷுக்கு வயது அறுபத்தொன்று. 'சிராஜ்-உத்-தௌலா', 'மீர் காசிம்', 'சத்ரபதி சிவாஜி' என்று அடுத்தடுத்து எழுதினார். 1876ஆம் ஆண்டின் நாடகத் தடைச்சட்டம் அரசினர் கையில் இருந்தது, இம்மூன்றும் தடுக்கப்பட்டன.

1911 ஜூலை 15ஆம் நாள் இரவு மழை. மினர்வாவில் வரதட்சிணைக் கொடுமை பற்றிய 'பலிதான்' நாடகம். ஈளைநோய்ப்பட்ட உடலோடு, பெண்ணைப் பெற்ற தந்தை கருணாமயனாக, வெற்றுடம்போடு மீண்டும் மீண்டும் மேடையேறினார். அதுவே கடைசி. 1912 பெப்ரவரி 8ஆம் நாள் காலமானார்.

விநோதினி 1886இன் முடிவிலேயே, இருபத்துமூன்று வயதளவில், அரங்கை விட்டு விலகியிருந்தார். பின்னர் தம் வாழ்க்கையை எழுதி, ஆசானிடம் முன்னுரை கேட்டார். கிரீஷ் எழுதித் தந்தார். சொல்லவேண்டிய உண்மைகள் அதில் விடுபட்டுள்ளன என்று மாணவி ஏற்க மறுத்தார். திருத்தி எழுதித் தருவதாகச் சொன்ன ஆசான், எழுதுமுன் மறைந்தார். அம்முன்னுரையின்றியே 'ஆமார் கதா' 1912இல் வெளிவந்தது. விநோதினி 1941 வரை வாழ்ந்திருந்தார்.

ஹாத்திபாகான் ஸ்டார் 1991இல் தீக்கிரையாகி, புதுப்பிக்கப்பட்டு 2004இல் மீண்டும் திறந்தது. 2024ஆம் ஆண்டின் இறுதியில் மேற்கு வங்க அரசு அதற்கு விநோதினியின் பெயரைச் சூட்டுவதாக அறிவித்தது. 1883இல் சொன்ன சொல் 141 ஆண்டுகள் கழிந்து நிறைவேறிற்று. அதுவும் வேறொரு கட்டடத்திற்கு. விநோதினி தம்மை விலையாகக் கொடுத்து எழுப்பிய அரங்கு அதுவன்று. அது கட்டப்படுமுன்பே அவர் மேடையை விட்டுச் சென்றுவிட்டார்.