பாட்டுக் கட்டுரைக்குப் புரூஃப் பார்த்தவன்

அச்சகத்தில் புரூஃப் பார்த்தே தலை நரைத்தவன் நான். ஓய்வுபெற்ற பிறகு ஆங்கில விக்கிப்பீடியாவில் பாப் பாட்டுகளைப் பற்றிய கட்டுரைகளைப் படித்துக் குறை சொல்லிக்கொண்டிருக்கிறேன். பல சமயம் பாடகியின் பெயரையே அன்றைக்குத்தான் கேள்விப்படுவேன். இந்த வேலைக்கு அது ஒரு தகுதி என்றே நினைக்கிறேன். கட்டுரையை எழுதுகிறவர் அநேகமாக அந்தப் பாடகியின் ரசிகர். தனக்குத் தெரிந்தது ஊருக்கே தெரியும் என்று எழுதிக்கொண்டு போவார். ஒன்றும் தெரியாத ஒருவன் குறுக்கே வந்து, "இதை யார் சொன்னது?" என்று கேட்டாக வேண்டும்.

இப்படிக் கேட்கும் வழக்கம் விக்கிப்பீடியாவுக்கு முந்தியது. 2000-இல் ஜிம்மி வேல்சும் லாரி சாங்கரும் நுபீடியா என்ற இணையக் கலைக்களஞ்சியத்தைத் தொடங்கியபோது, துறை அறிஞர்கள் எழுதுவதை ஏழு கட்டமாகச் சோதிப்பது என்று ஏற்பாடு. மதிப்பாய்வாளரைத் தேடிப் பிடிப்பதே ஒரு கட்டம். மொழித் திருத்தம் மட்டும் இரண்டு கட்டம். முதலில் தேறி வந்தது ஓர் இசைக் கட்டுரை. ஆதார சுருதி என்று ஒன்றை வைத்துக்கொள்ளாத மேற்கத்திய இசைமுறையைப் பற்றி கிறிஸ்டோஃப் ஹுஸ்ட் எழுதியது. 2003-இல் நுபீடியாவை மூடியபோது முடிந்திருந்த கட்டுரைகள் 25 அளவில்தான். ஏழு புரூஃப் கேட்கிற ஆசிரியர் வந்தால் எங்கள் முதலாளி அட்வான்ஸ்கூட வாங்காமல் அனுப்பிவைத்திருப்பார்.

2001 ஜனவரி 15-இல் பிறந்த விக்கிப்பீடியாவில் வாசலில் காவலே இல்லை. நல்ல நடை என்று தோன்றுவதை 'பிரில்லியன்ட் புரோஸ்' என்ற பட்டியலில் யாரும் சேர்த்துவிடலாம். 2004-இல் அது சிறப்புக் கட்டுரைகள் என்று பெயர் மாறியது. முன்மொழிவதும், ஆட்சேபங்களுக்குப் பதில் சொல்லித் திருத்துவதும் முறைப்பட்டன. மறு ஆண்டு அக்டோபரில் 'நல்ல கட்டுரை' என்று கீழே ஒரு படி வைத்தார்கள். ஒரே ஒருவர் படித்து, ஆறு அளவுகோல்களை வைத்துப் பார்த்து, குறையிருந்தால் ஏழு நாள் தவணை கொடுப்பார். மூன்று நிமிடப் பாட்டைப் பற்றிய சிறிய கட்டுரைக்கு இது தோதான அளவு.

அதே 2005-இல்தான் ஜான் சீகந்தாலர் விவகாரமும் வெடித்தது. அந்தப் பத்திரிகையாளரைக் கென்னடி கொலையோடு முடிச்சுப்போட்டு யாரோ விளையாட்டாக எழுதியது மாதக்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் கிடந்திருக்கிறது. அதற்குப் பின் வரிக்கு வரி சான்று கேட்கும் கெடுபிடி ஏறிக்கொண்டே போனது. அறிஞர்கள் கையில் இருந்தால் இப்படி நடக்காது என்பார்கள். 1980-இல் 20 தொகுதிகளாக வந்த நியூ குரோவ் இசை அகராதியில் எஸ்ரம்-ஹெலரப் என்று ஒரு டென்மார்க் இசையமைப்பாளர் இருந்தார். அப்படி ஒருவர் பிறக்கவே இல்லை. ராபர்ட் லேட்டன் என்ற இசை அறிஞரே குறும்புக்கு எழுதிச் சேர்த்தது. இதைப் படித்த அன்று எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

பாட்டுக் கட்டுரையில் நான் முதலில் பார்ப்பது சுருதியும் வேகமும் சொல்லும் வரியை. எழுதியவர் காதால் கேட்டு எழுதியிருந்தால் அடித்துவிட வேண்டும். பதிப்பகம் வெளியிட்ட இசைத்தாளைக் காட்ட வேண்டும்; பெரும்பாலும் மியூசிக்நோட்ஸ் தளத்தில் விற்பதைத்தான் காட்டுவார்கள். இதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. கோயில் நாகசுரம் கேட்டு வளர்ந்த காதுக்குப் பாதிப் பாட்டு நடபைரவியாகவும் மீதி சங்கராபரணமாகவும் கேட்கிறது. சொந்தக் காது சான்றாகாது என்பதால் வாயை மூடிக்கொள்கிறேன்.

அடுத்தது ஒலித்துண்டு. உரிமையுள்ள பாட்டிலிருந்து 30 விநாடி, அல்லது மொத்த நீளத்தில் பத்தில் ஒரு பங்கு, இரண்டில் எது குறைவோ அதுவே வரம்பு. மூன்று நிமிடம் இருபது விநாடிப் பாட்டு என்றால் 20 விநாடிதான். 'விமர்சகர்கள் பாராட்டினார்கள்' என்று எழுதிவிட்டு, கீழே இரண்டே பேரை மேற்கோள் காட்டியிருப்பார்கள். அந்த இரண்டு பேரின் பெயரைச் சொல்லுங்கள், போதும் என்பேன்.

சண்டை வருவது தரவரிசையில். பில்போர்டு ஹாட் 100 பட்டியல் 1958 ஆகஸ்ட் முதல் வருகிறது. அதற்கு முந்தைய பாட்டை அதில் ஏற்றிவிடுகிறவர்கள் உண்டு. ஐடியூன்சில் முதலிடம் என்றால் அது ஒரு கடையின் கணக்கு; சேர்ப்பதில்லை. யூடியூப் எண்ணிக்கை இன்னும் மோசம். 2011 நவம்பரில் 'கொலவெறி' வந்து நாளுக்கு நாள் எண் ஏறியதை நாம் பார்த்தோம். 'கங்னம் ஸ்டைல்' 2012 டிசம்பர் 21-இல் நூறு கோடியைத் தொட்டது என்று தேதியோடு எழுதினால் அது வரலாறு. தேதி இல்லாத எண் மறுநாளே பொய்யாகிவிடும். ரசிகருக்கு இதைப் புரியவைப்பதற்குள் தவணை ஏழு நாளும் தீர்ந்துவிடும்.

பழைய கட்டுரைகளை மறுபடி பார்ப்பதுதான் இப்போது அதிகம். 2024 ஜூனில் எம்டிவி நியூஸ் தளத்தின் பழைய பக்கங்களை எடுத்துவிட்டார்கள். 2000-களின் பாப் பாட்டுகளைப் பற்றி எழுதியவர்களுக்கு அதுதான் முக்கியமான சான்று. நல்லவேளையாக இன்டர்நெட் ஆர்க்கைவ் அவற்றில் ஏராளமான பக்கங்களை முன்பே சேமித்து வைத்திருந்தது. அதனால் நான் இப்போது எழுதும் குறிப்புகளில் முதல் வரி, பாட்டைப் பற்றியோ நடையைப் பற்றியோ இல்லை: அடிக்குறிப்பு ஒவ்வொன்றுக்கும் சேமித்த பிரதியின் இணைப்பைச் சேருங்கள்.