சுரங்கத்துக்குப் போன ஓவியங்கள்

இன்னைக்குப் பேசப்போறது லண்டன் நேஷனல் கேலரி பற்றி.

1824-ல் ஜான் ஜூலியஸ் ஆங்கர்ஸ்டைன்ங்கிறவரோட 38 ஓவியங்களை 57,000 பவுண்டுக்கு பிரிட்டிஷ் அரசு வாங்கியது. கேலரியோட தொடக்கம் அதுதான். பொதுப் பணத்துல வாங்கினதால அது மக்களோட சொத்து. இந்த விஷயம் பின்னாடி முக்கியமாகும்.

1939 செப்டம்பர் 3-ம் தேதி பிரிட்டன் போரை அறிவிக்கிறதுக்குள்ளேயே ஓவியங்களை லண்டனை விட்டு வெளியே அனுப்பிட்டாங்க. பெரும்பாலானவை போனது வேல்ஸுக்கு. 1940-ல் பிரான்ஸ் வீழ்ந்ததும் வேல்ஸும் பாதுகாப்பில்லைன்னு ஆச்சு. கனடாவுக்குக் கப்பல்ல அனுப்பலாமான்னு யோசிச்சாங்க. பிரதமர் சர்ச்சில் ஒத்துக்கலை. நாட்டுக்குள்ளேயே புதைச்சு வைங்க, ஆனா ஒரு படம்கூட வெளியே போகக்கூடாதுன்னுட்டார்.

சாஃப்ட்வேர்ல எதுக்கும் பேக்கப் எடுத்துடுவோம். ஓவியத்துக்கு அது கிடையாது. கப்பல் மூழ்கினா அதோட முடிஞ்சது.

கடைசியில வேல்ஸ்ல மானோட் மலைக்குள்ள இருந்த ஒரு ஸ்லேட் கல் சுரங்கத்தைத் தேர்ந்தெடுத்தாங்க. வெடி வைத்து வாசலைப் பெரிசாக்கினாங்க. வான் டைக் வரைந்த, குதிரை மேல் இருக்கும் மன்னர் சார்லஸ் ஓவியம் அவ்வளவு பெரிசு. அது போகிறதுக்காக ஒரு பாலத்துக்குக் கீழே ரோட்டையே தோண்டிப் பள்ளமாக்கினாங்க. 1941-ல் ஓவியங்கள் உள்ளே போயின.

இங்கே லண்டன்ல வெறும் சுவர்கள். கேலரி மேலேயே குண்டும் விழுந்தது. மதிய நேரத்துல பியானோ கலைஞர் மைரா ஹெஸ் நடத்தின கச்சேரிகளுக்குக் கூட்டம் வந்தது. ஆனா படம் இல்லை. 1942-ல் 'தி டைம்ஸ்' பத்திரிகைக்கு ஒரு வாசகர் கடிதம் எழுதினார்: புதுசா வாங்கின ரெம்ப்ராண்ட் ஓவியத்தையாவது காட்டக் கூடாதா?

இயக்குநர் கென்னத் கிளார்க் அதை ஏற்றுக்கொண்டார். பிறகு மாசத்துக்கு ஒரு ஓவியம் மட்டும் சுரங்கத்துல இருந்து லண்டன் வந்தது. முதல்ல வந்தது டிஷியனோட 'நோலி மே டாஞ்சரே'. உயிர்த்தெழுந்த இயேசுவைத் தொட மகதலேனா மரியாள் கை நீட்டுகிற காட்சி. உறவுகளை இழந்துகொண்டிருந்த ஒரு ஊர் அதை வரிசையில நின்னு பார்த்திருக்கு.

எல்லாத்தையும் பூட்டி வைக்கிறதுதான் பாதுகாப்பு. ஆனா யாருமே பார்க்க முடியலைன்னா மக்கள் சொத்துன்னு சொல்றதுக்கு என்ன அர்த்தம்? மாசம் ஒண்ணுங்கிறது அதுக்குக் கிடைச்ச நடுவழி. இழந்தா ஒண்ணு போகும், மீதி தப்பிக்கும்.

இன்னொரு பலனும் உண்டு. சுரங்கத்துக்குள்ள வெப்பமும் ஈரப்பதமும் ஒரே சீரா இருந்ததால ஓவியங்கள் லண்டன்ல இருந்ததைவிட நல்லா இருந்தன. போருக்கு அப்புறம் கேலரிக்கு ஏர் கண்டிஷனிங் வந்ததுக்கு அந்த அனுபவமும் ஒரு காரணம். அடுத்த முறை மியூசியம் போனா, மூலையில ஈரப்பதம் அளக்கிற சின்னக் கருவி இருக்கான்னு பாருங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.