நம் லயத்திலிருந்து வந்த டீச்சர்

நூற்றாண்டு மலருக்குப் பழைய ஆசிரியர்களைப் பற்றி எழுதித் தரும்படி கேட்டார்கள். தெமோதரைத் தோட்டமொன்றிலிருந்து ரயிலேறி பதுளைக்குப் படிக்க வந்தவள் நான். ஆதலால் கொஞ்சம் பின்னாலிருந்தே தொடங்குகிறேன்.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஆரம்பக் கல்வி கொடுப்பதைத் துரைமாரின் பொறுப்பாக்கியது 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம். நடைமுறையில் அது ஓர் அறை, ஒரு வாத்தியார். 1945இல் இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் நிர்வாகத்தின் கையிலேயே கிடந்தன. அரசு அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களில்தான்.

அதையும் தாண்டிப் படித்த பிள்ளைக்கு 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் குறுக்கே நின்றது. நாடற்றவருக்கு அரச நியமனம் ஏது? 1964 ஒப்பந்தத்துக்குப் பின் என் வகுப்புத் தோழிகள் இருவர் தலைமன்னாரில் கப்பலேறினார்கள். இருவரும் என்னைவிடக் கெட்டிக்காரிகள். இங்கே இருந்திருந்தால் டீச்சராகியிருப்பார்கள்.

ஆகவே நமக்குப் படிப்பித்தவர்களில் அநேகர் யாழ்ப்பாணம், மட்டக்களப்புப் பக்கத்தவர்கள். அவர்களுக்கு நாம் பட்ட கடன் பெரிது. குளிர், வாடகை அறை, ஊரில் வயதான பெற்றோர். இடமாற்றம் கேட்டதில் பிழையில்லை. ஆனால் தவணை நடுவில் கணித டீச்சர் போய்விட்டால் என்னவாகும் என்பது சாதாரண தரத்தில் கணிதம் தவறிய நம்மவர்களுக்குத் தெரியும். 1983 ஜூலையில் பதுளையும் எரிந்த பிறகு அந்த வரவும் குறைந்தது.

எண்பதுகளில் தோட்டத்து இளைஞர் யுவதிகளை ஆசிரியர்களாகச் சேர்த்தார்கள். நானும் அப்படி வந்தவள்தான். பின்னர் ஜெர்மன் உதவியோடு பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி எழுந்தது. முன்பெல்லாம் பாடசாலை வாசலை மிதிக்கக் கூசிய தாய்மார், கொழுந்துக் கூடையோடு வந்து என்னிடம் பேசினார்கள். பிள்ளை வராவிட்டால், வீட்டில் தம்பியைப் பார்க்க ஆளில்லை என்று எனக்குச் சொல்லாமலே தெரியும். எந்தப் பயிற்சிக் கலாசாலையும் கற்றுத் தராத பாடம் இது.

சேர்த்தால் போதுமா? சுமார் பத்தாண்டுகளுக்கு முன் பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரிய உதவியாளர்களை எடுத்தபோது மாதம் 6,000 ரூபா கொடுத்தார்கள். கத்திப் பேசிய பிறகு 10,000. பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்குமே அது சரி.

எங்கள் லயத்துப் பிள்ளையொருத்தி இவ்வருடம் கணிதப் பிரிவில் உயர்தரம் சித்தியடைந்திருக்கிறாள். கல்வியியற் கல்லூரிக்கு விண்ணப்பிப்பதா, கொழும்பில் கடை வேலைக்குப் போவதா என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. இரண்டு வருடச் செலவைக் கணக்குப் போட்டுத் தரச் சொல்லி நேற்று அவளுடைய அம்மா வந்திருந்தார். அந்தக் கணக்கை நம் சங்கத்துக்கும் அனுப்பியிருக்கிறேன்.