வாடைக்காலமும் உம்மாவின் முந்தானையும்

கீழைக்கரையில் மாரி தொடங்குவதை நாட்காட்டி பார்த்து அறிய வேண்டியதில்லை. ஐப்பசி கழிந்ததும் வங்கக் கடலிலிருந்து வாடைக்காற்று எழுகின்றது. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலாகப் பொத்துவில் வரை நீண்டு கிடக்கும் கரையூர்கள், ஓர் ஆண்டிற் பெறும் மழையின் பெரும்பகுதியைக் கார்த்திகை, மார்கழி, தை ஆகிய மாதங்களிலேயே பெற்றுவிடுகின்றன. அக்காலத்து இரவுகளிலுங்கூட வெப்பமானி 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. பனி உறையும் நாட்டார் இதனைக் குளிரென்று கொள்ளமாட்டார். ஆயினும் இக்கரையின் மக்கள் இதற்குக் ‘கூதல்’ என்று பெயரிட்டு, அதற்கு அஞ்சியும் வாழ்ந்திருக்கின்றனர். பிறந்து சில நாளேயான குழந்தையைப் பொறுத்தவரை அவ்வச்சம் வீணானதன்று.

குழந்தை தாயின் வயிற்றில் ஏறத்தாழ 37 பாகை வெப்பத்தில் வளர்கின்றது. வெளியுலகுக்கு வந்த கணத்திலேயே அது வெப்பத்தை இழக்கத் தொடங்குகின்றது. அதன் நிறையோடு ஒப்பிடும்போது தோலின் பரப்பு மிகுதி. ஆதலால் வெப்பம் விரைந்து வெளியேறுகின்றது. பெரியவர்கள் குளிரில் நடுங்குவர். அந்த நடுக்கமே தசைகளில் வெப்பத்தை உண்டாக்குகின்றது. சிசுவுக்கோ அவ்வாறு நடுங்கும் ஆற்றல் இல்லை. கழுத்தைச் சூழவும் தோள்களுக்கு இடையிலும் அமைந்துள்ள பழுப்புநிறக் கொழுப்பை எரித்தே அது தன்னைக் காத்துக்கொள்கின்றது. குறைமாதத்திற் பிறந்த குழந்தைக்கு அக்கொழுப்பும் போதாது. உடல் வெப்பம் 36.5 பாகைக்குக் கீழே இறங்குமாயின் அதனைக் குளிர்ச்சித் தாக்கமென உலகச் சுகாதார நிறுவனம் வகுத்துள்ளது. ஈரத்துணியும் வீசுகின்ற காற்றும் சேர்ந்தால், பனியே இல்லாத கல்முனையிலும் இது நிகழக்கூடும்.

இவ்விடத்தில் ஒரு சிறு உண்மையை மனத்திற் கொள்ளுதல் நலம். துணி வெப்பத்தை உண்டாக்குவதில்லை. உள்ள வெப்பத்தை வெளியே போகாமற் காப்பதே அதன் தொழில். தனியே கிடக்கும் சிசுவிடம் உள்ள வெப்பமோ சிறிது. ஆகவே எத்தனை துணியால் மூடினும், அருகில் வெப்பந் தரும் உடல் ஒன்று இல்லையேல் அத்துணிகள் பாதிப் பயனே தரும். குளிர்காலத்தில் குழந்தையைச் சுமந்த மக்களின் வரலாறு முழுவதும் இவ்வுண்மையைக் கண்டும், மறந்தும், மீண்டுங் கண்டும் வந்த வரலாறே எனலாம்.

கீழைக்கரையின் தாய்மார் இதனை ஏட்டிற் படித்து அறிந்தவரல்லர். வீட்டினுள்ளே வளையிற் கட்டித் தொங்கவிட்ட சேலை ஏணையாகியது. ஓராட்டுப் பாடிக் குழந்தையை உறங்கவைத்தது. வீட்டுக்கு வெளியே செல்கையில் குழந்தை உம்மாவின் இடுப்பில் ஏறியது. முக்காடாக வந்த முந்தானையே இருவரையும் சேர்த்துப் போர்த்தது. கைத்தறிக்குப் பேர்போன மருதமுனையில் நெய்த சேலையும் சாரனும் நாட்பட உடுத்து மென்மையடைந்த பின்னர், பிள்ளைக்கு விரிப்பும் போர்வையும் ஆயின. இவ்விரண்டு முறைகளுள்ளும் வேறுபாடு உண்டு. ஏணையிற் கிடக்கும் குழந்தையின் முதுகின் கீழே காற்று உலாவுகின்றது. ஆதலால் மாரிக்காலத்தில் அடியில் மடித்த துணியொன்று இடவேண்டும். இடுப்பில் அமர்ந்த குழந்தைக்கோ தாயின் உடலே கணப்பாகின்றது.

இதே தீவின் மலைநாட்டில் நிலைமை வேறாக இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் முதலிற் கோப்பிக்கும் பின்னர்த் தேயிலைக்குமாகத் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர், சமவெளியின் வெயிலிற் பழகியவர்கள். நுவரெலியாவை அடுத்த உயரங்களில் தை, மாசி மாதத்து இரவுகள் 10 பாகைக்குங் கீழே செல்வதுண்டு. அவர்களுக்கு வழங்கப்பட்ட கம்பளியே மழைக்கும் குளிருக்கும் ஒரே காப்பாக இருந்தது. ஆயின், கூடை ஏறிய முதுகிற் குழந்தைக்கு இடமேது? கொழுந்தெடுக்கும் தாய் தன் சிசுவைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுச் செல்ல நேர்ந்தது. கம்பளி இருந்தும் தாயின் உடல் வேலை நேரத்திற் குழந்தைக்குக் கிட்டவில்லை. பிள்ளையைச் சுமப்பதற்கு வசதி என்பது துணியை மட்டும் பொறுத்ததன்று. தாயின் வேலையையும் பொறுத்தது என்பதை இவ்வரலாறு காட்டுகின்றது.

கடுங்குளிர் நாட்டார் இச்சிக்கலை எவ்வாறு தீர்த்தனர்? வடதுருவத்தை அடுத்து வாழும் இனுவிட் பெண்கள் ‘அமௌட்டி’ என்னும் தோலங்கியை அணிந்தனர். அதன் முதுகுப்புறத்தில், தலைமூடிக்குக் கீழே, ஒரு பை உண்டு. குழந்தை அப்பையினுள் தாயின் முதுகோடு ஒட்டி அமரும். இடையிற் கட்டிய வார் அது கீழே நழுவாமல் தாங்கும். சப்பானியத் தாய்மார் குழந்தையை வாரினால் முதுகிற் கட்டிக்கொண்டு, பஞ்சு திணித்த அகன்ற மேலங்கியை இருவர்க்கும் பொதுவாக மேலே அணிந்தனர். ஒன்று விலங்கின் தோல், மற்றது பஞ்சு. முறை மட்டும் ஒன்றே. தடித்த ஆடை தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவே இல்லை. இருவரையும் வளைத்து வெளியே நிற்கின்றது. கல்முனை உம்மாவின் முந்தானையும் இம்முறையைச் சேர்ந்ததே.

ஐரோப்பாவின் செல்வர் வேறு வழிச் சென்றனர். 1733 ஆம் ஆண்டில் வில்லியம் கென்ற் என்னும் கலைஞர் டெவன்சயர் கோமகனின் பிள்ளைகளுக்காகச் சிறு வண்டியொன்றை அமைத்தார். அடுத்த நூற்றாண்டில் குழந்தைவண்டி நடுத்தர வகுப்பாரின் பெருமைச் சின்னமாகியது. துணியிற் கட்டிச் சுமப்பது ஏழைகளின் வழக்கமெனக் கருதப்பட்டது. மருத்துவத்துறையிலும் குழந்தை தாயின் உடலினின்று விலகியது. 1880 ஆம் ஆண்டை ஒட்டிப் பாரிசில் தார்னியே என்னும் மருத்துவர், கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டியைக் கண்டு, குறைமாதக் குழந்தைகளுக்கான வெப்பப்பெட்டியை ஏற்படுத்தினார். அப்பெட்டி எண்ணற்ற உயிர்களைக் காத்தது, இன்றுங் காக்கின்றது. ஆனால் பெட்டி இல்லாத இடத்தில் என்செய்வது என்னும் வினாவுக்கு நெடுங்காலம் விடை கிடைக்கவில்லை.

விடை வந்தது ஓர் ஏழை மருத்துவமனையிலிருந்தே. 1978 ஆம் ஆண்டில் கொலம்பியாவின் தலைநகரான பொகோட்டாவில், வெப்பப்பெட்டிகள் போதாமையால் எட்கார் ரே சனாப்ரியா என்னும் மருத்துவர், குறைநிறைக் குழந்தைகளைத் தாய்மாரின் மார்பில் தோலோடு தோல் படுமாறு நிமிர்த்தி வைத்துத் துணியாற் கட்டச் செய்தார். கங்காரு தன் குட்டியைப் பையிற் சுமப்பது போன்றமையால் இதற்குக் கங்காருத் தாய்ப் பராமரிப்பு எனப் பெயர் வந்தது. இதன் பயனைப் பின்னர் ஆய்வுகள் அளந்தன. இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தன்சானியா ஆகிய ஐந்து நாடுகளின் மருத்துவமனைகளில் 3,200 க்கு மேற்பட்ட குழந்தைகளிடம் நடத்திய ஆய்வொன்று 2021 இல் வெளிவந்தது. பிறந்தவுடனேயே இம்முறையிற் பேணப்பட்டோருள் முதல் 28 நாளில் இறந்தோர் நூற்றுக்கு 12. வழக்கமான முறையிற் பேணப்பட்டோருள் ஏறத்தாழ 16.

துணிப்பைக்கும் இதுபோன்ற கதையே உண்டு. ஆன் மூர் என்னும் அமெரிக்கத் தாதி 1960களில் ஆபிரிக்காவின் டோகோ நாட்டிற் பணியாற்றியபோது, அங்குள்ள தாய்மார் குழந்தையைத் துணியால் முதுகிற் கட்டிச் செல்வதைக் கண்டார். ஊர் திரும்பியபின் தம் அன்னையின் உதவியோடு அதுபோன்ற பையொன்றைத் தைத்தார். 1969 இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. இன்று கடைகளில் விற்கும் வார்வைத்த குழந்தைப் பைகள் பல இதன் வழியில் வந்தவையே. ஏழையின் முந்தானை விலைப்பொருளாகி மீண்டு வந்தது.

அப்பையைக் கூதற்காலத்திற் பயன்படுத்துவோர் பழைய முறையின் இலக்கணத்தை மறக்கலாகாது. குழந்தைக்குத் தடித்த ஆடைகளை அடுக்கிப் பையினுள் திணித்தால் தாயின் வெப்பம் உள்ளே செல்லாது. வார்களும் சரியாக இறுகா. மெல்லிய பருத்தியாடை உள்ளே, தாயின் போர்வையோ மேலங்கியோ வெளியே என்பதே முறை. தலைக்குத் தொப்பியும் காலுக்கு உறையும் வேண்டும். குழந்தையின் முகம் எப்போதும் தாயின் கண்ணுக்குத் தெரிதல் வேண்டும். மூக்குத் துணியில் அழுந்தலாகாது. தாடை மார்பில் மடியலாகாது. கால்கள் இடுப்பில் அமர்வதுபோல் அகன்று மடிந்திருத்தல் இடுப்பு மூட்டுக்கு நன்று. சப்பானில் 1975 அளவில், சிசுவின் கால்களை நீட்டிச் சுற்றும் வழக்கத்தை விடுமாறு மருத்துவர் பரப்புரை செய்தபின், பிறவி மூட்டு நழுவல் பெரிதுங் குறைந்தது. பின்கழுத்து வியர்த்தால் போர்வையைத் தளர்த்துக. நெஞ்சு குளிர்ந்தால் தோலோடு அணைத்துக்கொள்க. மழை நனைத்த துணியை உடனே மாற்றுக. அடுப்படியில் குழந்தையைச் சுமந்து நிற்றலும், மோட்டார் சைக்கிளில் பையிற் கட்டிச் செல்லுதலும் ஆகா; விபத்திலிருந்து துணி காக்காது.

பழைமையில் உள்ளன யாவும் நல்லன என்பதும் இதன் பொருளன்று. மூடிய அறையிற் கரிநெருப்பு வைத்துக் கூதல் போக்குவது நச்சுப்புகையை வளர்க்கும். பிறந்தவுடன் குளிப்பாட்டுவதை ஒரு நாளேனும் தள்ளிவைக்குமாறு இன்றைய மருத்துவம் கூறுகின்றது. இலங்கையில் 1945 இல் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 140 பேர் ஓராண்டு நிறையுமுன் இறந்தனர். இன்று அத்தொகை பத்துக்குங் கீழே நிற்கின்றது. இதற்குத் தாயன்பு மட்டும் காரணமன்று. வீடு தேடி வரும் குடும்பநல மாதும் கல்வியும் காரணமாவர்.

ஆயினும் வைத்தியசாலையும் வீதியும் ஒருங்கே செயலிழக்கும் நாட்கள் உண்டு. பொகோட்டாவில் அம்முறை பிறந்த அதே 1978 ஆம் ஆண்டில், நவம்பர் 23 ஆம் நாள், கீழைக்கரையைச் சூறாவளி தாக்கியது, ஓலைக்கூரைகள் பறந்தன. 2004 திசெம்பர் 26 ஆம் நாள் கடல் எழுந்து வந்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். எஞ்சியோர் பாடசாலைகளிலும் பள்ளிவாசல்களிலும் கோவில்களிலும் தங்கினர். இரண்டும் மாரியிலேயே நிகழ்ந்தன. அத்தகைய நாளில் மின்சாரம் இராது, வெப்பப்பெட்டி இயங்காது, உலர்ந்த போர்வையும் அரிதாகும். தாயின் மேனியும் உலர்ந்த ஒரு துணித்துண்டுமே அன்று சிசுவின் வீடு. தாய் இல்லாதபோது வாப்பாவின் மார்பும் மூத்தம்மாவின் மடியும் அதே வெப்பத்தைத் தரும். இதனை வாடை எழுமுன்னரே வீட்டார் யாவரும் அறிந்திருத்தல், இக்கரையின் குழந்தைகளுக்குச் செய்யும் முதற் காப்பாகும்.