தரப்படுத்தல்: நோயாளியின் கட்டிலிலிருந்து

எங்கள் வீட்டில் தரப்படுத்தல் பற்றிய பேச்சு எழுந்தால் ஓர் எண் தவறாமல் வரும்: 21. மருத்துவபீடம் புகுவதற்குத் தமிழில் பரீட்சை எழுதிய மாணவருக்கு 400க்கு 250 புள்ளி வேண்டும். சிங்களத்தில் எழுதியவருக்கு 229 போதும். அந்த 21 புள்ளி இடைவெளியில் விழுந்தவர்களில் என் பெரிய மாமாவும் ஒருவர். பிறகு லண்டன் வந்து கணக்காளரானார். போன வருடம், இங்கே மருத்துவம் படிக்கும் என் அக்காவின் மகள் அவரிடம் கேட்டாள்: “அப்ப தாத்தா, நீங்கள் டொக்டராகியிருந்தால் எங்கே வேலை செய்திருப்பீங்கள்? மன்னாரிலா?” மாமா சிரித்தார், பதில் சொல்லவில்லை.

ஐம்பது வருடமாக இந்தக் கதையை மாணவனின் பக்கத்திலிருந்தே சொல்லி வந்திருக்கிறோம். நோயாளியின் பக்கத்திலிருந்து அவள்தான் முதலில் கேட்டாள்.

1970இல் ஆட்சிக்கு வந்த ஐக்கிய முன்னணி அரசு, அடுத்து வந்த பல்கலைக்கழக அனுமதியிலேயே அந்த வெட்டுப்புள்ளிகளைக் கொண்டுவந்தது. தமிழ்ப் பரீட்சகர்கள் தம் மாணவருக்குத் தாராளமாகப் புள்ளியிட்டார்கள் என்று முன்னதாக ஒரு குற்றச்சாட்டு எழுந்திருந்தது. அது நிரூபிக்கப்படவில்லை. 1973இல் மொழிவாரித் தரப்படுத்தல் ஒரு முறையாகவே நிலைபெற்றது. பரீட்சை எழுதிய மொழியை வைத்துப் பிரிக்கப்பட்ட இந்த மாணவர்கள், உள்ளே போனபின் ஒரே மண்டபத்தில் இருந்து ஆங்கிலத்திலேயே மருத்துவம் படித்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும்.

1971 குடிசன மதிப்பீட்டின்படி இலங்கைத் தமிழர் 11.2 வீதம். அதற்கு முந்திய ஆண்டுகளில் மருத்துவபீட அனுமதியில் தமிழ் மாணவர் 40 வீதத்துக்கும் மேல். இதைத் திறமை என்ற ஒற்றைச் சொல்லால் விளக்கிவிட முடியாது. 1823இல் வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷன் தொடங்கிய செமினரியும், 1848இல் வண்ணார்பண்ணையில் ஆறுமுக நாவலர் தொடங்கிய சைவப்பிரகாச வித்தியாசாலையும், அவற்றைத் தொடர்ந்து எழுந்த கல்லூரிகளும் அதற்குப் பின்னால் இருந்தன. மழை குறைந்த மண்ணில் அரசாங்க உத்தியோகமே பிழைப்பு. 1956இன் தனிச் சிங்களச் சட்டம் எழுதுவினைஞர் வேலைக்கான கதவைச் சாத்தத் தொடங்கியதும், டொக்டர், எஞ்சினியர் என்ற இரண்டு கதவுகளில் எல்லோரும் போய் முட்டினார்கள். வெட்டுப்புள்ளி விழுந்தது அந்தக் கதவுகளின் மேல். கோபம் அவ்வளவு பெரிதாக எழுந்தது அதனால்தான்.

ஆனால் தரப்படுத்தல் என்று நாங்கள் ஒரே பெயரில் சொல்வது இரண்டு வேறு விடயங்களை. 1974இல் மாவட்ட ஒதுக்கீடு சேர்ந்தது: சனத்தொகைக்கேற்ப ஒவ்வொரு மாவட்டத்துக்கும் இடங்கள். யாழ்ப்பாணமும் கொழும்பும் இழந்தன. 1973இல் மூன்றிலொன்றுக்கு மேலிருந்த மருத்துவபீடத் தமிழரின் பங்கு 1975இல் ஐந்திலொன்று அளவுக்கு இறங்கியது. அதேவேளை மன்னார், வவுனியா, மட்டக்களப்பு, அம்பாறை போன்ற மாவட்டங்களின் தமிழ், முஸ்லிம் பிள்ளைகளுக்கு அதே ஒதுக்கீடு வழி திறந்தது. 1977இல் ஆட்சி மாறியபின் மொழிவாரி முறை கைவிடப்பட்டது. மாவட்ட ஒதுக்கீடு வீதங்கள் மாறி மாறி இன்றும் தொடர்கிறது. அதை அநீதி என்று திட்டிய யாழ்ப்பாணப் பெற்றோர் சிலரே பிற்காலத்தில் பிள்ளைகளை வன்னிப் பாடசாலைகளில் சேர்த்து அங்கிருந்து பரீட்சை எழுதவைத்தார்கள்.

மாவட்ட ஒதுக்கீட்டின் நியாயம் நோயாளியின் கட்டிலிலிருந்து பார்த்தால்தான் புரிகிறது. கல்வியும் வைத்தியமும் இலவசமான நாட்டில், பல்கலைக்கழக வாசலில் யாரை விடுகிறார்கள் என்பது பத்து வருடம் கழித்து எந்த வார்டில் யார் நிற்பார் என்பதையும் தீர்மானிக்கிறது. நான் கேட்டு வளர்ந்த கனவுகளில் டொக்டராகும் பிள்ளை முதலில் கொழும்புக்கும் பிறகு இங்கிலாந்துக்கும் போனது. மன்னாருக்குப் போனதாக ஒரு கனவும் நினைவில்லை.

மொழிவாரி முறையின் கொடுமையும் அங்கிருந்துதான் முழுதாகத் தெரிகிறது. மலையகத் தோட்டத்துப் பிள்ளையும் தமிழில் எழுதியவரே. உயர்தர விஞ்ஞான வகுப்பையே காணாத லயத்துப் பிள்ளைக்கும், யாழ்ப்பாணத்துப் பெரிய கல்லூரியின் பிள்ளைக்கும் ஒரே வெட்டுப்புள்ளி. தோட்ட வைத்தியசாலையில் “டொக்டர் ஐயா” என்று அழைக்கப்பட்டவர் பெரும்பாலும் பட்டம் பெற்ற வைத்தியர் அல்லர், மருத்துவ உதவியாளர். வெளியே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனால், தன் வயிற்றுவலியை இன்னொருவர் மொழிபெயர்த்துச் சொல்லும்வரை காத்திருக்கவேண்டிய நிலை.

1978இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கு மருத்துவபீடம் கிடைத்தது. கைதடியில் ஆயுர்வேத வைத்தியசாலைக் கட்டடத்தில் தொடங்கினார்கள். ஆனால் வெட்டுப்புள்ளியைக் கண்டு கொதித்த தலைமுறையிலிருந்து ஆயுதம் ஏந்தியவர்கள் அதற்குள் வந்துவிட்டார்கள். அரசியல் அனுமதிப் பட்டியலோடு நிற்கவில்லை, வார்டுக்குள்ளேயே நுழைந்தது. 1987 ஒக்டோபர் 21, தீபாவளி நாள், இந்தியப் படையினர் யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குள் புகுந்து சுட்டார்கள். இரண்டு நாளில் நோயாளர், வைத்தியர், தாதியர், ஊழியர் என 60க்கும் மேற்பட்டோர் இறந்தனர். மறுநாள் காலை, கைகளை உயர்த்தியபடி தாதியரோடு வெளியே வந்த குழந்தை வைத்திய நிபுணர் சிவபாதசுந்தரம் சுட்டுக் கொல்லப்பட்டார்.

1989 செப்டெம்பர் 21இல் மருத்துவபீடத்தின் உடற்கூற்றியல் துறைத் தலைவர் ராஜனி திராணகம, சைக்கிளில் வீடு திரும்பும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 35. எல்லாத் தரப்பின் கொடுமைகளையும் எழுதியவர். அவரோடு சேர்ந்து மனித உரிமைப் பணி செய்த பல்கலைக்கழக ஆசிரியர்கள் இக்கொலைக்குப் புலிகளையே பொறுப்பாகச் சொன்னார்கள். 21 புள்ளியைச் சொல்லும் வீடுகளில் இந்த 21ஆம் திகதியைச் சொல்லிக் கேட்டது குறைவு. அரசு பறித்த ஆசனத்தைக் கணக்கு வைத்திருக்கிறோம். பீடத்திலிருந்து பறிக்கப்பட்ட ஆசிரியையைக் கணக்கில் சேர்க்கத் தயங்குகிறோம்.

2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு இலங்கையிலிருந்து மூவினத்து வைத்தியர்களும் வெளியேறுகிறார்கள். அவர்களில் சிலரை இங்கே என் ஊர் ஆஸ்பத்திரியில் சந்தித்திருக்கிறேன். அவர்கள் விட்டுவந்த வார்டுகளில் இப்போது யார் நிற்கிறார்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

மாமா இன்னும் அந்த 21 புள்ளியை மறக்கவில்லை. மறக்கத் தேவையில்லை, அது நடந்த அநியாயம். ஆனால் போன மாதம் சாப்பாட்டு மேசையில் தானாகவே சொன்னார்: “மன்னாருக்கு நான் போயிருக்க மாட்டேன் பிள்ளை.” அவள் ஒன்றும் சொல்லாமல் அவருக்குச் சோறு போட்டாள்.