மணமாலையும் பணி ஆணையும்

இரயில்வே அலுவலகத்தில் விதிப்புத்தகத்தைப் புரட்டுவதே நாள்தோறும் என் தொழில். அப்புத்தகத்தின் ஒற்றை வரி ஒரு குடும்பத்திற்குச் சோறு அளிக்கவும் கூடும். அதனைப் பறிக்கவும் கூடும். அத்தகைய வரியொன்றின் வரலாற்றையே நம் சங்க அன்பர்கள் முன் வைக்க விழைகின்றேன். பெண் ஊழியர் மணம் புரிந்தால் பணியினின்றும் நீங்க வேண்டும் என்பதே அவ்வரி.

1950-ஆம் ஆண்டு ஜனவரி 26-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த நம் அரசியல் சாசனம், அரசுப் பணியில் ஆண் பெண் என்னும் வேற்றுமை காட்டலாகாது என்று 16-ஆவது பிரிவில் விதித்தது. ஆயினும், 1951-இல் ஐ.ஏ.எஸ். பணிக்குத் தேர்வு பெற்றுச் சென்னை ராஜ்யத்திற்கு வந்த அன்னா ராஜம் அம்மையாரின் நியமன ஆணையில், மணம் புரிந்தால் பணி முடிவுறும் என்ற நிபந்தனை இருந்தது. சாசனம் ஒன்று சொல்ல, ஆணை வேறொன்று சொல்லிற்று!

தொழிற்சாலைகளிலும் இந்நிலை இருந்தது. மணமான பெண்கள் அடிக்கடி விடுப்பு எடுப்பர் என்று வாதிட்டது, பம்பாயில் மருந்துத் தொழில் நடத்திய ஒரு நிர்வாகம். 1965-இல் உச்ச நீதிமன்றம் இவ்வாதத்தை ஏற்கவில்லை. குழந்தைகளைப் பேணும் பொறுப்பு, பணியில் இருக்கும் விதவைக்கும் உண்டன்றோ? பேறுகால விடுப்பு ஒன்றே வேறுபாடு. அதற்குச் சில மாற்று ஊழியரை வைத்துக்கொண்டால் போதும் என்று கூறி, அவ்விதி செல்லாது எனத் தீர்த்தது.

குடகு நாட்டில் பிறந்து சென்னையில் பயின்ற சி. பி. முத்தம்மா அம்மையார், 1949-இல் இந்திய வெளிநாட்டுப் பணியில் சேர்ந்த முதற் பெண்மணி ஆவார். அத்துறையின் 1961-ஆம் ஆண்டு விதிகளின்படி, பெண் அதிகாரி மணம் புரிய அரசின் எழுத்து மூலமான அனுமதி பெற வேண்டியிருந்தது. குடும்பக் கடமை பணிக்கு இடையூறாகும் என்று அரசு கருதினால், அவரைப் பதவி விலகச் சொல்ல இடமிருந்தது. ஆண் அதிகாரிக்கு இவ்விதி இருக்கவில்லை. உயர்பதவி மறுக்கப்பட்ட அம்மையார் உச்ச நீதிமன்றத்தை நாடினார். வழக்கு நடக்கும்போதே பதவி உயர்வு வந்து சேர்ந்தது! 1979 செப்டம்பரில் தீர்ப்பளித்த நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர், குடும்பக் கடமை இடையூறு எனில் அஃது ஆணுக்கும் பொருந்துமே என்று எடுத்துக்காட்டி, பணி விதிகள் அனைத்தையும் ஆராய்ந்து பாகுபாட்டைக் களையுமாறு அரசுக்கு அறிவுறுத்தினார்.

அத்துடன் கதை முடிந்ததா? இல்லை. மணம் புரிந்த காரணத்தால் 1988-இல் பணியினின்றும் விடுவிக்கப்பட்ட இராணுவச் செவிலியர் ஒருவருக்கு 60 இலட்சம் ரூபாய் வழங்குமாறு உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது 2024-இல்தான். நீதி வந்து சேர முப்பத்தாறு ஆண்டுகள் ஆயின.

புத்தகத்திலுள்ள விதியை நீதிமன்றம் அடித்துவிடும். நம் இல்லங்களில் எழுதாமலே வழங்கும் விதியை யார் அடிப்பது? பெண் பார்க்க வருவோர், "கல்யாணத்திற்குப் பிறகும் வேலைக்குப் போவாளா?" என்று கேட்கின்றனர். மாப்பிள்ளையிடம் எவரும் அதைக் கேட்பதில்லை. நம் காலனிப் பெண்கள் படித்துத் தேர்வு எழுதி உத்தியோகம் பெறுகின்றனர். அவ்வுத்தியோகத்தைத் தாலி கட்டும் நாளோடு முடித்துவிடாதிருப்பது பெற்றோராகிய நம் கடமையன்றோ?